தாவரங்கள் சூரிய ஒளியை எவ்வாறு சக்தியாக மாற்றுகின்றன?

கேள்வியோடு, "ஒளி உணவாகிறது என்று புத்தகத்தில் இருக்கிறது, ஒளி எப்படி உணவாகும் என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?" என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரியைப் பார்த்ததும், நீங்களும் என்னைப்போல வீட்டில் ஒரு பிள்ளையிடம் அகப்பட்டுக்கொண்டவராகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவுகட்டிவிட்டேன். இல்லாவிட்டால் இந்தப் பக்கம் வந்திருக்கமாட்டேன். நான் கொழும்பு பழைய சோனகத் தெருவில் ஓர் இரும்புக்கடையில் கணக்கு எழுதுபவன். உயர்தரத்தில் உயிரியல் படித்தேன். பல்கலைக்கழகம் போகுமளவுக்குப் புள்ளி வரவில்லை. இலங்கையில் படித்தவனாகையால் ஒளித்தொகுப்பு என்றுதான் எழுதுவேன். தமிழ்நாட்டு நண்பர்கள் ஒளிச்சேர்க்கை என்று வாசித்துக்கொள்ளலாம். திருத்துவதற்கென்று யாரும் சிரமப்பட வேண்டாம். காபனீரொட்சைட்டு (கார்பன் டை ஆக்சைடு), ஒட்சிசன் (ஆக்சிஜன்) ஆகியவற்றுக்கும் இதே வேண்டுகோள்தான்.

என் மகள் தரம் எட்டில் படிக்கிறாள். வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியின் மூன்றாம் மாடிப் பல்கனியில் ஒரு செவ்வரத்தைச் (செம்பருத்தி) செடி பூச்சாடியில் நிற்கிறது. ஒருநாள் இரவு அவள் ஒளித்தொகுப்பைப் பாடமாக்கிக்கொண்டிருந்தபோது, எளிமையாகச் சொல்கிறேன் என்ற நினைப்பில், "செடி வெயிலைச் சாப்பிட்டு வளருது" என்றேன். அவள் புத்தகத்தை மூடிவிட்டு, "அப்பிடியெண்டா இந்தச் செடியில எத்தினை கிலோ வெயில் இருக்குது அப்பா?" என்று கேட்டாள். நாள் முழுவதும் கம்பியையும் ஆணியையும் கிலோக் கணக்கில் வரவு வைத்து, பற்று எழுதிவிட்டு வருகிற எனக்கு அதற்குப் பதில் வரவில்லை. அன்றிரவு நித்திரையும் சரியாக வரவில்லை.

அவளுடைய கேள்வி பழைய கேள்விதான். வான் ஹெல்மொண்ட் என்பவர் உலர்ந்த மண்ணை 200 இறாத்தல் நிறுத்துத் தொட்டியில் போட்டு, அதில் 5 இறாத்தல் நிறையுள்ள வில்லோ மரக்கன்றொன்றை நட்டு, 5 வருடங்கள் தண்ணீர் மட்டுமே ஊற்றி வளர்த்தார். முடிவில் மரத்தின் நிறை ஏறத்தாழ 164 இறாத்தல் கூடியிருந்தது. மண்ணில் குறைந்ததோ சுமார் 2 அவுன்சு. மரம் மண்ணைத் தின்னவில்லை என்று அவர் கண்டது சரி. ஆனால் முழுவதும் தண்ணீரிலிருந்து வந்தது என்று முடிவெடுத்தது பிழை. அவர் இறந்த பிறகு 1648ஆம் ஆண்டில் வெளியான நூலில் இந்தக் கணக்கு இருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தில் வாயுவைக் குறிக்கும் 'காஸ்' என்ற சொல்லை உருவாக்கியவரே இவர்தான்; மரம் தன் உடம்பைக் கட்டுவது வாயுவிலிருந்து என்பது அவருக்கே பிடிபடவில்லை.

இப்போது அந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். பாடப்புத்தகச் சமன்பாட்டின்படி 264 கிராம் காபனீரொட்சைட்டும் 108 கிராம் நீரும் சேர்ந்து 180 கிராம் குளுக்கோசும் 192 கிராம் ஒட்சிசனும் வருகின்றன. இரண்டு பக்கமும் 372 கிராம், ஐந்தொகை சமப்படுகிறது. வெயிலுக்கு இதில் ஒரு நிரலும் இல்லை. நான் உயர்தரம் படித்த காலத்தில், வெளிவரும் ஒட்சிசன் காபனீரொட்சைட்டிலிருந்து வருகிறது என்று ஒரு விடைத்தாளில் எழுதிப் புள்ளி இழந்தேன். நீரிலிருந்து என்பதே சரி என்று சிவப்புப் பேனையால் எழுதியிருந்தார்கள், ஏன் என்று யாரும் சொல்லித்தரவில்லை. கணக்கு எழுதப் பழகிய பிறகுதான் அந்தச் சமன்பாட்டில் உள்ள இடறல் எனக்குத் தெரிந்தது: 108 கிராம் நீரில் மொத்தமே 96 கிராம் ஒட்சிசன்தான் இருக்கிறது, அதிலிருந்து 192 கிராம் எப்படி வெளியே வரும்? உண்மையில் 216 கிராம் நீர் உள்ளே போய், அதன் ஒட்சிசன் முழுவதும் வாயுவாக வெளியேறி, வேறு 108 கிராம் நீர் புதிதாக உண்டாகிறது. இரண்டு பக்கத்திலும் இருக்கும் நீரைக் கழித்துவிட்டுச் சுருக்கி எழுதுவதால் புத்தகத்தில் அது மறைந்துபோகிறது. கந்தகப் பற்றீரியாக்கள் நீருக்குப் பதிலாக ஐதரசன் சல்பைட்டைப் பயன்படுத்தி, ஒட்சிசனுக்குப் பதிலாகக் கந்தகத்தை விடுவதைக் கண்ட வான் நீல் என்பவர் இதை முதலில் ஊகித்தார். 1941இல் ரூபன், கேமன் முதலியோர் பாரமான ஒட்சிசன் கலந்த நீரைப் பச்சைப் பாசிக்குக் கொடுத்து, வெளிவந்த வாயுவிலும் அதே பாரமான ஒட்சிசன் இருப்பதைக் கண்டு அந்த ஊகத்தை உறுதிப்படுத்தினார்கள்.

அப்படியென்றால் வெயிலின் வேலை என்ன? காபனீரொட்சைட்டும் நீரும் தாமாகச் சேர்ந்து சீனியாகமாட்டா. பாரத்தை மேட்டில் ஏற்றுவதற்கு ஆள் வேண்டியதுபோல் இதற்கும் வெளியிலிருந்து ஒரு தள்ளு வேண்டும். இலையின் கலங்களுக்குள் இருக்கும் பச்சையவுருமணிகளில், பச்சையம் சிவப்பு ஒளியையும் நீல ஒளியையும் பிடித்துக்கொண்டு பச்சையைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. இலை பச்சையாகத் தெரிவது அதனால்தான். பிடித்த ஒளி ஓர் இலத்திரனை உயரத்துக்குத் தூக்கிவிடுகிறது. போன இலத்திரனின் இடத்தை நிரப்ப நீர் உடைக்கப்படுகிறது. ஒட்சிசன் இலைவாய் வழியே வெளியேறுகிறது. ஐதரசன் அயன்கள் ஒரு மென்சவ்வின் உட்புறத்தில் அடைபட்டுக் குவிகின்றன. விக்டோரியா அணைக்குப் பின்னால் நிற்கும் தண்ணீர் இறங்கும்போது சுழலியைச் சுற்றுவதுபோல், அந்த அயன்கள் திரும்பி வெளியேறும்போது மென்சவ்வில் பதிந்திருக்கும் ஒரு நொதியம் நிசமாகவே சுழன்று ஏ.ரி.பி. என்ற மூலக்கூறை உண்டாக்குகிறது. நான் மிகைப்படுத்துவதாக நினைக்கவேண்டாம். அந்த நொதியத்தில் அச்சும் உண்டு, சுழலும் பகுதியும் உண்டு. இலத்திரன்கள் இன்னொரு முறை ஒளியால் தூக்கப்பட்டு, என்.ஏ.டி.பி.எச். என்ற இன்னொரு மூலக்கூறில் போய்ச் சேர்கின்றன.

ஒளியின் வேலை அத்தோடு முடிந்தது. அந்த இரண்டு மூலக்கூறுகளும் கையில் இருக்கும் காசு போன்றவை. அவற்றைச் செலவழித்து, ரூபிஸ்கோ என்னும் நொதியம் முன்னின்று காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைப் பிடித்து ஐந்து காபன் உள்ள ஒரு வெல்லத்தோடு ஒட்டவைக்க, பல படிகளுக்குப் பின் மூன்று காபன் வெல்லங்கள் வருகின்றன. இந்த வட்டத்தைக் கண்டறிந்ததற்காகக் கல்வின் என்ற விஞ்ஞானிக்கு 1961இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. காற்றில் காபனீரொட்சைட்டு வெறும் 0.04 சதவீதமளவில்தான் இருக்கிறது. ரூபிஸ்கோவோ மகா சோம்பேறி, வினாடிக்குச் சில மூலக்கூறுகளை மட்டுமே கையாளும். அதனால்தான் இலை நிறைய அதை நிரப்பி வைத்திருக்கவேண்டியிருக்கிறது. பகலில் மிஞ்சும் வெல்லம் இலையிலேயே மாப்பொருளாக (ஸ்டார்ச்) சேமிக்கப்படுகிறது. இந்த மாப்பொருளை மறந்துவிடாதீர்கள்.

ஆகவே மகளுக்கு நான் சொன்ன இரண்டாவது பதில் இதுதான்: செடியின் பாரம் காற்றும் தண்ணீரும் கொடுத்தது, வெயில் கொடுத்தது அதற்குள் பூட்டி வைத்த சக்தி. 180 கிராம் குளுக்கோசை எரித்தால் சுமார் 2,800 கிலோயூல் திரும்பக் கிடைக்கும், அது சூரியனுடைய பங்கு. தாவரம் சக்தியை உண்டாக்குவதில்லை, ஒளியாக வந்ததை இரசாயனப் பிணைப்பாக மாற்றி வைக்கிறது, அவ்வளவுதான். பௌதிகம் படித்தவர்கள் சக்திக்கும் திணிவு உண்டே என்று வருவார்கள் என்பது தெரியும். அதையும் கணக்குப் போட்டுவிட்டேன்: அந்த 2,800 கிலோயூலுக்குரிய திணிவு ஒரு கிராமில் ஏறக்குறைய மூன்று கோடியில் ஒரு பங்கு. எங்கள் கடைத் தராசில் அது விழாது.

இனி நான் சொல்ல வந்த விடயம். பாடம் முடிந்த கையோடு, இலையில் மாப்பொருள் உண்டாக ஒளி தேவை என்பதை வீட்டில் செய்து பார்த்து எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். செவ்வரத்தைச் சாடியை இரண்டு நாள் இருட்டறையில் வைத்து, இலைகளில் இருந்த பழைய மாப்பொருள் தீர்ந்த பிறகு, ஓர் இலையின் நடுவே கறுப்புக் காகிதப் பட்டி சுற்றிப் பேப்பர் கிளிப் போட்டுப் பல்கனியில் வைத்தோம். மாலையில் இலையைப் பறித்து, கொதிநீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி, ஜாம் போத்தலில் ஊற்றிய ஸ்பிரிட்டுக்குள் போட்டு, போத்தலைச் சுடுதண்ணீர்ச் சட்டியில் இறக்கினோம். ஸ்பிரிட் பச்சையாகிக்கொண்டே போக, இலை வெளிறிக்கொண்டே வந்தது. கடைசியில் பழைய காகிதம்போல் ஆகி, தொட்டால் நொறுங்குமளவுக்கு விறைத்திருந்தது. சுடுதண்ணீரில் கழுவியதும் இளகியது. பீங்கானில் விரித்து, பாமசியில் வாங்கிய அயடீன் கரைசலை ஐதாக்கிச் சொட்டுச் சொட்டாக விட்டோம். மாப்பொருள் இருக்கும் இடத்தில் கருநீலம் வரும் என்று நானும் மகளும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்திருந்தோம். இலை முழுவதும் ஒரே மங்கல் பழுப்பு. காகிதம் மூடியிருந்த இடத்துக்கும் மூடாத இடத்துக்கும் வித்தியாசமே இல்லை.

காரணம் எங்கள் பல்கனிக்கு முன்னால் நிற்கிறது. முன்பு மத்தியானம் திரும்பினால் கடல் பக்கமிருந்து வெயில் நேராக உள்ளே விழும். இரண்டு வருடங்களுக்கு முன் மேற்கே எழும்பிய உயர்ந்த தொடர்மாடி அதை முழுவதும் மறைத்துவிட்டது. காலை வெயிலை எங்கள் கட்டடமே மறைக்கிறது. கட்டும்போது எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை. வெளிச்சம் இருக்கிறதே என்பார்கள். வெளிச்சம் இருக்கிறது, வருமானம் இல்லை. செடியும் எங்களைப்போல் இரவும் பகலும் சுவாசிக்கிறது. அதற்காகச் சீனியைச் செலவழிக்கிறது. ஒளி ஓர் அளவுக்குக் குறைந்தால் ஒளித்தொகுப்பில் வருவது சுவாசத்தில் போவதற்கு மட்டும் சரியாக இருக்கும். சேமிப்பு என்று ஒன்றும் விழாது. கையிலிருந்து வாய்க்குப் போகிற சீவியம். அந்த இரண்டு வருடங்களாகச் செடி பூக்காமல், கணுவிடைகள் நீண்டு, மெலிந்து கம்பியைப் பார்த்துச் சாய்ந்துகொண்டு நின்றதன் அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. நான் பசளை போதவில்லையென்று பசளை போட்டுக்கொண்டிருந்தேன்.

மகள் கண்டதைக் கண்டபடி எழுதினாள்: "நிறம் மாறவில்லை. எங்கள் பல்கனியில் நேரடி வெயில் இல்லை." ஆசிரியர் அதைக் குறுக்கே வெட்டிவிட்டு, புத்தகத்தில் உள்ள அவதானத்தைப் பார்த்து எழுதிவரும்படி சொல்லி அனுப்பியிருந்தார். அவரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. நாற்பது பிள்ளைகளின் கொப்பியைத் திருத்துகிறவருக்கு ஒவ்வொரு பல்கனியின் திசையையும் பார்க்க முடியாது, பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரமும் இருக்கும். ஆனாலும் ஒளி தேவை என்பதை அந்தப் பழுப்பு இலையைவிட நன்றாக நிரூபிக்க வேறென்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தோன்றுகிறது. புத்தகத்தைப் பார்த்து எழுதிய பிள்ளைக்குச் சரி, பார்த்ததை எழுதிய பிள்ளைக்குப் பிழை.

அடுத்த வாரம் காவலாளியிடம் திறப்பு வாங்கிச் சாடியை மொட்டை மாடிக்கு ஏற்றினோம். சில நாள் அரை நிழலில் பழக்கிவிட்டுத்தான் முழு வெயிலில் வைத்தோம். நிழலில் விரிந்த இலை ஒரேயடியாக வெயில் பட்டால் கருகிவிடும். ஏப்ரல் முற்பகுதியாகையால் நண்பகலில் சூரியன் ஏறத்தாழ உச்சிக்கு நேரே நின்றது. மறுபடியும் இருட்டறை, காகிதப் பட்டி, கிளிப். மாலை மூன்றரைக்கு இலையைப் பறித்து அதே ஜாம் போத்தல், அதே பீங்கான். அயடீன் பட்ட இடமெல்லாம் சில வினாடிகளில் கறுத்துக்கொண்டு வந்தது, நடுவே பட்டி சுற்றிய இடம் மட்டும் மஞ்சள் கோடாக, கிளிப்பின் விளிம்புகூடத் தெரியும்படி அப்படியே நின்றது. மகள் அதைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "அந்தப் பழைய இலையை எறிஞ்சிட்டீங்களா?" என்பதுதான். எறியவில்லை. இரண்டையும் காயவைத்து அவளுடைய கொப்பியில் பக்கத்துப் பக்கமாக ஒட்டிக் கொடுத்தோம். புள்ளி கூடவில்லை.

நீங்கள் வீட்டில் செய்வதாயிருந்தால், ஸ்பிரிட்டை அடுப்பில் வைக்கவே வேண்டாம். அதன் ஆவி தீப்பற்றும். காஸை நிறுத்திவிட்டு, கேத்தலில் கொதித்த தண்ணீரைச் சட்டியில் ஊற்றி அதற்குள் போத்தலை வைத்தாலே போதும், ஆறினால் தண்ணீரை மாற்றுங்கள். யன்னலும் திறந்திருக்கட்டும். இலையை விடியற்காலையில் பறிக்காதீர்கள். இரவில் செடி தன் மாப்பொருளின் பெரும்பகுதியைச் செலவழித்திருக்கும். பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு பறிப்பது நல்லது. எங்கள் சாடி இன்னும் மொட்டை மாடியில்தான் நிற்கிறது, போன மாதம் நான்கு பூ பூத்தது.