பஹ்ரைன் வரி சீர்திருத்தம்: டிஸர்டேஷனுக்கு எதைப் பிடிச்சுக்கறது?

பஹ்ரைன் தலைநகர் மனாமாவுல அக்கவுண்டண்ட் வேலை பார்த்துக்கிட்டே தபால் வழியில எம்.ஏ. வரலாறு படிக்கற வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார். வளைகுடா ஷேக் நாட்டுல வரி, நிர்வாக சீர்திருத்தத்துல பிரிட்டிஷ் செல்வாக்குன்னு தலைப்பு கொடுத்துட்டாராம், கைடு ரொம்ப அகலமா இருக்கு சுருக்குங்கன்னு சொல்லிட்டாராம். பஹ்ரைனை எடுக்கலாமா, வெள்ளைக்காரன் செஞ்சது நல்லதா கெட்டதான்னு ஒரு முடிவுக்கு வந்தே ஆகணுமா, ரெக்கார்டு பார்க்க லண்டன் போகணுமா, இதான் கேள்வி.

லண்டன் வேண்டாம், அதைக் கடைசியில சொல்றேன். பஹ்ரைனை எடுங்க, ஆனா 1919-லேர்ந்து 1932 வரைக்கும் மட்டும் எடுங்க. 1932-ல எண்ணெய் கிடைச்சப்புறம் கதையே வேற, வரியை நம்பி ஆட்சி நடத்தவேண்டிய கட்டாயமே போயிடுச்சு.

நிறைய பேர் சீர்திருத்தம்னா வெள்ளைக்காரன் புதுசா வரி போட்டான்னு நினைச்சு ஆரம்பிக்கறாங்க. அப்படி இல்ல. அங்க சண்டையே இருக்கற வரியை யார் வசூல் பண்றது, யார் மட்டும் கட்டறது, வந்த காசு யார் பைக்குப் போகுதுங்கறதுலதான். உங்க தலைப்பை இந்த மூணு கேள்வியால சுருக்கிட்டீங்கன்னா கைடு ஒண்ணும் சொல்லமாட்டார்.

சீர்திருத்தத்துக்கு முன்னாடி நிலைமை எப்படி இருந்துச்சுன்னு பாருங்க. ஷேக் ஈசா பின் அலி 1869-லேர்ந்து ஆட்சி. சுங்கம் ரொம்ப காலம் சிந்துப் பக்கத்து இந்து வியாபாரிங்க கையில, நம்ம ஊர்ல சந்தையை ஏலம் எடுக்கற மாதிரிதான், ஷேக்குக்கு ஒரு தொகை கட்டிட்டு மீதியை அவங்க பார்த்துக்குவாங்க. ஆளும் குடும்பத்து ஷேக்குங்க ஒவ்வொருத்தருக்கும் சில கிராமம், அங்க வசூலும் அவங்க, பஞ்சாயத்தும் அவங்க. பேரீச்சந்தோப்பு விவசாயம் பண்ற பஹார்னாங்கற உள்ளூர் ஷியாக்கள் மேல ரகாபியான்னு ஒரு தலைவரி, அப்புறம் சுக்ரான்னு ஒரு வெட்டிவேலை, ஷேக்கோட ஃபிதாவி ஆளுங்க, அதாவது அடியாளுங்க, வந்து ஆளையோ கழுதையையோ பிடிச்சுட்டுப் போனா கேட்க நாதி கிடையாது. சுன்னி பழங்குடிகளுக்கு இதெல்லாம் இல்ல. ஒரே தீவுல ஒருத்தன் கட்டறான், ஒருத்தன் கட்டறதில்ல.

சுங்கத்தை ஒழுங்கு பண்ணுங்கன்னு 1903-ல இந்திய வைஸ்ராய் கர்ஸன் வந்தப்பவே வெள்ளைக்காரங்க சொல்லிப் பார்த்தாங்க, ஷேக் அசைஞ்சு கொடுக்கல. அப்புறம் 1913-ல ஒரு உத்தரவு எழுதி, அதை 1919-லதான் அமலுக்குக் கொண்டுவந்தாங்க, அதுல வெளிநாட்டுக்காரங்க வழக்கை விசாரிக்கற அதிகாரம் பொலிட்டிகல் ஏஜெண்டுக்கு, அதாவது பஹ்ரைன்ல இருந்த பிரிட்டிஷ் பிரதிநிதிக்கு, போயிடுச்சு. 1921-ல மேஜர் டேலி ஏஜெண்டா வந்தார், எதுலயும் தலையிடற ஆளு. பஹார்னா மக்கள் மனு கொடுத்தாங்க, ஈரான் பத்திரிகைங்க ஷியாக்களைக் கொடுமைப்படுத்தறாங்கன்னு எழுதுச்சு, ஈரான் வேற பஹ்ரைன் எங்களுதுன்னு உரிமை கொண்டாடிட்டிருந்துச்சு. ஆக 1923 மே 26-ல ஏஜெண்டுக்கு மேலதிகாரியான ரெஸிடெண்ட் நாக்ஸ் மஜ்லிஸை, அதாவது சபையை, கூட்டி ஷேக் ஈசாவை ஓரங்கட்டிட்டு மகன் ஹமதை ஆட்சியில உட்கார வெச்சார். ஈசா கடைசிவரைக்கும், அதாவது 1932-ல சாகற வரைக்கும், தான் பதவி விலகினதா ஒத்துக்கவே இல்ல.

அப்புறம்தான் உங்களுக்கு வேண்டிய சமாச்சாரம் வருது. 1924-ல டி கிரெனியர்ங்கறவர் சுங்க டைரக்டர், ஷேக்கோட சொந்த செலவுக்குன்னு தனித் தொகை, மீதி அரசாங்கக் கஜானா. இந்தப் பிரிப்புதான் மொத்த சீர்திருத்தத்தோட உயிர்னு நான் சொல்லுவேன், அதுக்கு முன்னாடி நாட்டுக் காசுக்கும் ஷேக்கோட பாக்கெட்டுக்கும் நடுவுல கோடே கிடையாது. இந்தியாவுலேர்ந்து சர்வேயருங்களைக் கூட்டிட்டு வந்து தோப்பு, வீடுன்னு அளந்து தாபு ஆபீஸ்ல பதிஞ்சாங்க, நம்ம பட்டா மாதிரின்னு வெச்சுக்கோங்க. நாணயமும் இந்திய ரூபாய்தான். ஏன்னா வளைகுடா விவகாரத்தை அப்போ கவனிச்சது இந்திய அரசாங்கம்தான், ஏஜெண்ட் ரிப்போர்ட்டெல்லாம் ஈரான் கரையில ரெஸிடெண்ட் இருந்த புஷேர் வழியா டெல்லிக்கும் சிம்லாவுக்கும் போயிட்டு இருந்துச்சு. இங்கிலாந்து நிர்வாகம் பஹ்ரைனுக்குப் போச்சுன்னு எழுதாதீங்க, போனது பிரிட்டிஷ் இந்தியாவோட கலெக்டர் ஆபீஸ் பழக்கம்.

1926-ல பெல்கிரேவ்ங்கற வெள்ளைக்காரர் ஷேக்குக்கு அட்வைசரா வந்தார், 1957 வரைக்கும் இருந்தார். லண்டன் டைம்ஸ்ல வந்த விளம்பரத்தைப் பார்த்து அப்ளை பண்ணி வந்த ஆளு, பேரளவுல ஷேக்கோட ஊழியர். இந்த 'பேரளவுல'ங்கறதை விடாதீங்க, ஒரு சேப்டரே எழுதலாம்.

முத்துக்குளிப்பை மட்டும் நிதானமா எழுதுங்க, எனக்குப் பிடிச்ச பகுதியே அதுதான். சீசனுக்கு முன்னாடி நாகுதா, அதாவது படகுத் தலைவன், குளியாளுக்கு ஸலஃப்னு முன்பணம் கொடுப்பான், சீசன் இல்லாத மாசத்துல தஸ்காம்னு இன்னொரு கடன். கணக்கு எழுதறது நாகுதா மட்டும், குளியாளுக்குப் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாது. செத்தா கடன் மகன் தலையில. சீர்திருத்தத்துல ஒவ்வொரு குளியாளுக்கும் தனிக் கணக்குப் புத்தகம், கடன் பிள்ளைக்கு இறங்கக்கூடாதுன்னு விதி, முன்பணத்துக்கு அரசாங்கமே ஒரு அளவு. கேட்க நல்லாத்தானே இருக்கு? ஆனா குளியாளுங்க 1926-லயும் 1932-லயும் கலகம் பண்ணாங்க, ஏன்னா முன்பணத்தைக் குறைச்சா குளிர்காலத்துல வீட்டுல அடுப்பு எரியாது. நீண்ட நாள் நல்லதும் இந்த வருஷச் சோறும் இடிக்கற இடம் அது, ஒரு கணக்குப் புத்தகத்தை வெச்சே நீங்க விளக்கலாம், அக்கவுண்டண்ட் வேற நீங்க.

நல்லதா கெட்டதான்னு கேட்டா, தீர்ப்பு சொல்லாதீங்க, யாருக்குன்னு கேளுங்க. பஹார்னா விவசாயிக்கு தலைவரியும் வெட்டிவேலையும் போனது சின்ன விஷயமில்ல. புதைய்யா ஊர் தவாஸிர் பழங்குடி 1923-ல கோவிச்சுக்கிட்டு இப்போ சவுதியில இருக்கற தம்மாம் பக்கம் குடிபெயர்ந்துட்டாங்க, அவங்களுக்கு இது அந்நியன் தலையீடு. வெள்ளைக்காரனுக்கு ஈரான் வாயை அடைக்கணும், துறைமுகம் கையில இருக்கணும். மூணுமே உண்மை. கூடவே ஒண்ணு, ஆட்சியையே மாத்தினவங்க மக்கள்கிட்ட ஓட்டு எதுவும் கேட்கல, 1923 அக்டோபர்ல கூடி ஷேக் ஈசாவோட அதிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கணும், ஒரு ஆலோசனை சபை வேணும்னு கேட்டவங்கள்ல ரெண்டு பேரை இந்தியாவுக்கு நாடு கடத்தினாங்க.

ரெக்கார்டுக்கு வர்றேன். கத்தார் டிஜிட்டல் லைப்ரரி சைட்டுல இந்தியா ஆபீஸ் ஃபைலுங்க ஸ்கேன் பண்ணி இலவசமா இருக்கு. ஃபைல் நம்பர் ஐஓஆர்/ஆர்/15/2-ன்னு ஆரம்பிச்சா பஹ்ரைன் ஏஜென்ஸி, ஐஓஆர்/ஆர்/15/1-ன்னா புஷேர். பெல்கிரேவோட வருடாந்திர நிர்வாக அறிக்கையில வரவு செலவு இருக்கும், அதுலேர்ந்து ஆரம்பிங்க, சுங்க வரவு, ஷேக் குடும்ப அலவன்ஸ், போலீஸ் செலவு மூணையும் வருஷவாரியா எக்ஸெல்ல போடுங்க. அப்புறம் டேலியோட கடிதங்க. அவர் ஷேக் குடும்பத்தைத் திட்டி எழுதறதை அப்படியே எடுத்துப் போட்டுடாதீங்க, ஷேக்கை இறக்கறதுக்காகக் கேஸ் கட்டிட்டிருந்த ஆளோட எழுத்து அது. மக்கள் கொடுத்த மனுவோட மொழிபெயர்ப்பு பல ஃபைல்ல கூடவே இருக்கும், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிங்க. அரபி தெரிஞ்ச ஆபீஸ் ஃப்ரெண்ட் யாராவது இருந்தா மூல மனுவையும் காட்டுங்க, ஏஜென்ஸி மொழிபெயர்ப்புல எதை விட்டாங்கன்னு அப்பத்தான் தெரியும்.