எழுத்துக்கும் அரைப்பேர்

வணக்கம் அக்கா,

கொட்டகலையில் சின்னதாக டைப்செட்டிங் கடை வைத்திருக்கிறேன். கோயில் நோட்டீஸ், கல்யாணக் கார்ட், பேனர் எல்லாம் செய்வேன். தேர்த் திருவிழா பேனரில் நான் போட்ட ஃபொண்டை வரைந்தவர் சென்னையாம். லைசன்ஸ் வாங்கவில்லையே என்று மெசேஜ் போட்டிருக்கிறார். அ, ஆ யாருடைய சொத்து? ஔவையாரிடமா அனுமதி வாங்குவது? நாலு எழுத்தை லேசாக மாற்றி வேறு பெயரில் சேவ் பண்ணிக்கொண்டால் சட்டப்படி தப்பா? கொழுந்து பறிக்கிற எங்கள் அம்மாவின் பெயர் எந்தத் தேயிலைப் பெட்டியில் இருக்கிறது?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் ஒரு திட்டு. கடிதத்தை யூனிகோடில் இல்லாமல், பழைய பாமினி ஃபொண்டில் அடித்து அனுப்பியிருக்கிறீர்கள். என் போனில் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வந்து நின்றது. எழுத்தைப் பற்றிய கேள்வியை இப்படியா கேட்பது? மாற்றித் தர மகளைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

ஔவையாரை விடுங்கள். அகரம் யாருக்கும் சொந்தமில்லை என்பது அந்தச் சென்னைக்காரருக்கும் தெரியும். அவர் இழுத்த வளைவுக்குத்தான் கேட்கிறார்.

அந்த வளைவு விஷயத்தில் சட்டம் கொஞ்சம் கோணல். எழுத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 1978இல் சொல்லிவிட்டது. ஃபொண்ட் கோப்பு கணினி நிரல் என்பதால் அதற்கு மட்டும் உண்டு. உங்கள் ‘நாலு எழுத்து’ யோசனையும் பழசு. ஒருவர் கோப்பிலிருந்த புள்ளிகளை எடுத்துச் சற்றே அளவு மாற்றி வேறு பெயரில் விற்றார். அடோபி போட்ட வழக்கில் 1998இல் தோற்றார். இங்கிலாந்தில் வடிவத்துக்கே 25 வருடக் காப்பு. 1973இல் வியன்னாவில் எழுத்துருக்களுக்கென்றே எழுதிய உடன்படிக்கை இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. நம் இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் கணினி நிரலைக் காக்கிறது.

கோப்புக்குக் கூலி, கோட்டுக்கு இல்லை. இதைப் படித்தபோதெல்லாம் எனக்கு ‘அரைப்பேர்’தான் ஞாபகம் வந்தது. தராசில் கொழுந்து குறைந்தால், பொழுதெல்லாம் மலையில் நின்றவளுக்கும் செக்ரோலில், அதாவது தோட்டத்துப் பேர்ப் பதிவில், அரைநாள். அம்மாவுக்கு மாதத்தில் சில நாள் அப்படி விழும்.

அப்பா பதுளை டவுனில் ஓர் அச்சகத்தில் அச்சுக்கோப்பவர். நம் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: பதுளை, பண்டாரவளை, தலவாக்கலை. அப்போதைய லை, ளை இன்று போல இரண்டு துண்டு இல்லை. தும்பிக்கை தூக்கிய மாதிரி ஒரே ஈய எழுத்து. எழுத்துப் பெட்டியில் எண்ணி வைத்தாற்போல்தான் கிடக்கும். தொழிற்சங்க நோட்டீஸ் வந்தால் ‘வேலை’யிலேயே பாதி தீர்ந்துவிடும். “கொம்பைத் தனியா வைச்சு ஒப்பேத்தப்பா” என்பார் முதலாளி. அப்பா கேட்க மாட்டார். முதல் பக்கம் அடித்து முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பிறகு அதைப் பிரித்து, லையைப் பொறுக்கி, மண்ணெண்ணெயில் துடைத்து, அடுத்த பக்கத்தைக் கோப்பார். நின்ற நேரத்துக்குக் கூலி பிடித்துவிடுவார்கள். சாப்பாடு கொண்டுபோகும் நான் இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். இரவில் அம்மா சிரிப்பார்: “உங்களுக்குமா அரைப்பேர்?”

தேயிலைப் பெட்டியில் உங்கள் அம்மா பெயர் இல்லைதான். என் அம்மா பெயரும் இல்லை. அதைக் காட்டி இன்னொருவர் கூலியைப் பிடிக்க உங்களுக்கு யார் சொன்னது? அரைப்பேர் போட்ட கணக்கப்பிள்ளையும் ஒரு நியாயம் வைத்திருந்தார். ‘மேலிடத்து உத்தரவு’ என்பார். உங்களுக்கு அந்தச் சாக்குக்கூட இல்லை. தோட்டத்து லயத்தில் வளர்ந்த பிள்ளை, லயத்துக் கண்ணீரைத் தள்ளுபடிக் கூப்பனாக நீட்டலாமா? பேனருக்கு நீங்கள் காசு வாங்கினீர்கள்தானே?

லைசன்ஸுக்குக் கையில் காசு இல்லையென்றால் நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன் (Catamaran), முக்த மலர் என்ற ஃபொண்டுகள் இருக்கின்றன. ஓப்பன் ஃபொண்ட் லைசன்ஸில் இலவசமாகக் கொடுக்கப்பட்டவை, வியாபாரத்துக்கும் போடலாம்.

ஆனால் போட்டு முடித்த பேனருக்குக் கொடுத்துவிடுங்கள். அதற்கு முன் அவருடைய ஃபொண்டில் ‘பதுளை’ என்று பெரிதாக அடித்து, கொம்புக்கும் ளவுக்கும் நடுவே அவர் விட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். நன்றாக இருந்தால் பணத்தோடு அதையும் அவருக்கு ஒரு வரி எழுதுங்கள், தம்பி. யூனிகோடில்.