கம்ப்யூட்டர் அளவுக்கு மீறிச் சூடானால் உள்ளே என்ன நடக்கிறது?

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: லேப்டாப்பின் அடிப்பக்கம் கை வைக்க முடியாத அளவு சுடுகிறது, வேலையை ஆரம்பித்து அரை மணி நேரத்தில் எல்லாம் மெதுவாகிவிடுகிறது, இரண்டு முறை தானாகவே அணைந்தும் போயிருக்கிறது. எரிந்துபோகுமா, புதிதாக வாங்கிவிடலாமா?

எரிந்துபோக வாய்ப்பு மிகக் குறைவு. இன்றைய பிராசஸருக்கு, அதாவது கம்ப்யூட்டரின் மூளையாக இருக்கும் சிப்புக்கு, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியும். ஆனால் அதே பெட்டிக்குள் அதன் பக்கத்தில் இருக்கும் பேட்டரி, கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைச் சேர்த்துவைத்துக் கொடுக்கும் சிறு பாகம்), சாலிடர் (பாகங்களைப் போர்டோடு ஒட்டவைக்கும் உலோகம்) இதற்கெல்லாம் அந்த வித்தை கிடையாது. அவை சத்தமில்லாமல் அடி வாங்கிக்கொண்டே இருக்கும். அதனால் புதிது வாங்குவதைப் பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம், சூட்டைக் கவனிப்பதைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

முதலில் இவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பிராசஸருக்குள் போகும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதுமே வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. நாம் பார்க்கும் வீடியோ, போடும் கணக்கு எல்லாம் அந்த வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே நடக்கும் வேலைகள். ஒரு 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டு ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட் வருகிறது. 100 வாட் இழுக்கும் ஒரு பிராசஸரின் சிலிக்கான் துண்டு இரண்டு சதுர சென்டிமீட்டர் என்றால் அங்கே 50 வாட். இஸ்திரிப் பெட்டியைவிடப் பத்து மடங்கு நெருக்கமான சூடு, கட்டைவிரல் நகம் அளவு இடத்தில்! அந்தச் சூட்டை நொடிக்கு நொடி அங்கிருந்து அள்ளிக்கொண்டு போகாவிட்டால் நிலைமை கைமீறிப்போகச் சில விநாடிகளே போதும்.

அள்ளிக்கொண்டு போகும் வேலையைச் செய்வது ஒரு செம்புக் குழாய். பார்த்தால் திடமான கம்பி போல இருக்கும், உள்ளே வெற்றிடமாக்கி மிகக் கொஞ்சம் தண்ணீர் விட்டிருப்பார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதால் அந்தத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே ஆவியாகி, குழாயின் மறுமுனைக்கு ஓடி, அங்கே தகடுகளிடம் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணீராகி வந்துவிடும். தகடுகள் மேல் ஃபேன் காற்றை ஊதும். பிராசஸருக்கும் செம்புக்கும் நடுவே தெர்மல் பேஸ்ட் இருக்கும், ஏனென்றால் இரண்டு பரப்புகள் எவ்வளவு வழுவழுப்பாக இருந்தாலும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத காற்று இடைவெளிகள் இருக்கத்தான் செய்யும், காற்றைப்போல வெப்பத்தைக் கடத்த மறுக்கும் பொருள் வேறு இல்லை என்றே சொல்லலாம் (செம்போடு ஒப்பிட்டால் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை). இந்தச் சங்கிலியில் எந்த ஒரு கண்ணி விட்டுப்போனாலும் சூடு உள்ளேயே தேங்கிவிடும்.

தேங்க ஆரம்பித்ததும் பிராசஸர் முதலில் செய்வது வேகத்தைக் குறைப்பது. த்ராட்லிங் என்பார்கள். உள்ளேயே சென்சார்கள் இருக்கின்றன. பெரும்பாலான பிராசஸர்களுக்கு 95 முதல் 105 டிகிரிக்குள் ஒரு எல்லை வைத்திருப்பார்கள், அதைத் தொட்டதும் வேகத்தையும் வோல்டேஜையும் சேர்த்துக் குறைத்துக்கொள்ளும். இழுக்கும் மின்சாரம் வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப ஏறி இறங்கும் என்பதால், வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்தாலே சூடு நிறையக் குறைந்துவிடும். இதில் ஒரு தொல்லையும் இருக்கிறது: சிலிக்கான் சூடாகச் சூடாக, அதற்குள் இருக்கும் குட்டி ஸ்விட்சுகளான டிரான்சிஸ்டர்கள் அணைந்திருக்கும்போதுகூட அவற்றின் வழியாக மின்சாரம் கூடுதலாகக் கசியும். கசிந்தால் இன்னும் சூடு, சூடானால் இன்னும் கசிவு. அதே வேலையைச் செய்ய, குளிர்ந்திருக்கும் பிராசஸரைவிடச் சூடான பிராசஸர் அதிக மின்சாரம் இழுக்கிறது.

இந்தத் த்ராட்லிங்கைத்தான் நிறையப் பேர் "லேப்டாப்புக்கு வயசாயிடுச்சு" என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் தங்கை அப்படித்தான் சொன்னாள். "அண்ணா, இது இனி தேறாது, ஒரு ஃபைல் திறக்க ரெண்டு நிமிஷம் ஆகுது, வேற வாங்கிக்கிறேன்" என்றாள். அவளுக்குத் தெரிந்த ஒருவர் மதர்போர்டு (பாகங்கள் பொருத்தப்பட்ட முக்கிய போர்டு) போயிருக்கும் என்று வேறு சொல்லிவைத்திருந்தார். நான் வெப்பநிலை காட்டும் ஒரு சின்ன மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். பிராசஸர் 97 டிகிரியில் நிற்கிறது, 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட வேண்டியது 0.8-ல் ஊர்ந்துகொண்டிருக்கிறது. அடிமூடியைக் கழற்றினோம். ஃபேனின் இறக்கைகளில் மட்டும் லேசாகத் தூசி, வெளிப்பக்கத் தகடுகளோ பளிச்சென்று இருந்தன, ஒரு நிமிடம் இருவருக்கும் ஏமாற்றமாகிவிட்டது. அப்புறம் ஃபேனின் ஸ்க்ரூக்களைக் கழற்றி அதைத் தூக்கியபோதுதான் தெரிந்தது. ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போல ஒரு படலம், நகத்தால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கிழியாமல் முழுசாக வந்தது. ஃபேன் இவ்வளவு நாளும் அந்தக் கம்பளியின் மேல்தான் ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. பேஸ்ட்டும் காய்ந்து, சுண்ணாம்புக்கட்டித் தூள் மாதிரி உதிர்ந்தது. இரண்டையும் சரிசெய்தபின் அதே வேலைக்கு 72 டிகிரி. அதை அவள் இன்னும் வைத்திருக்கிறாள்.

இதனால்தான் வெளியிலிருந்து காற்றடித்துவிட்டு "சுத்தம் பண்ணிட்டேன், பலன் இல்லை" என்று சொல்பவர்களிடம், உள்ளே அந்த இடைவெளியைப் பார்த்தீர்களா என்று கேட்கிறேன். காற்றடிக்கும்போது ஃபேன் சுற்றாதபடி விரலாலோ ஒரு குச்சியாலோ பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் போய்விடும்.

சரி, வேகத்தைக் குறைத்தும் சூடு அடங்கவில்லை என்றால்? அப்போது பிராசஸர் மின்சாரத்தையே துண்டிக்கச் சொல்லி மதர்போர்டுக்கு ஒரு சமிக்ஞை அனுப்பும். இது நாம் ஷட்டவுன் கொடுப்பது மாதிரி ஒழுங்காக நடக்காது, பிளக்கைப் பிடுங்கியது போலத்தான். சேமிக்காத வேலை போய்விடும், எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் நின்று கெட்டுப்போகவும் கூடும். விண்டோஸில் நிகழ்வுப் பதிவைத் திறந்து பார்த்தால் 41 என்ற எண்ணோடு ஒரு குறிப்பு இருக்கும், ஆனால் சரியாக அணைக்கப்படாமல் திரும்ப ஆரம்பித்தது என்பதை மட்டும்தான் அது சொல்லும், சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அணைந்ததும் உடனே ஆன் செய்து, முன்பைவிடச் சீக்கிரம் அணைந்தால் சூட்டின் மேல் சந்தேகப்படலாம், ஏனென்றால் செம்பும் தகடுகளும் இன்னும் ஆறியிருக்காது.

இந்தப் பாதுகாப்பெல்லாம் ஆரம்பத்திலிருந்தே இருந்ததல்ல. 2001-ல் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து ஹீட்சிங்கை, அதாவது சூட்டை இழுக்கும் உலோகத் தகட்டுத் தொகுதியை, கையால் கழற்றும் ஒரு பரிசோதனை வீடியோ வந்து பரபரப்பானது. ஏஎம்டி நிறுவனத்தின் அத்லான் பிராசஸர் புகைந்து செத்தது, இன்டெலின் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. அதே பென்டியம் 4 வரிசையில் 4 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர் ஒன்றைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்த இன்டெல், 2004-ல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. வேகத்தை ஏற்ற ஏற்றச் சூட்டைச் சமாளிக்க முடியாமல் போனது அதற்கு ஒரு பெரிய காரணம். ஒரே பிராசஸருக்குள் இரண்டு கோர், நான்கு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) என்று உலகமே திரும்பியதற்குப் பின்னாலும் இந்தச் சூடுதான் இருக்கிறது.

இப்போது மெல்ல நடக்கும் சேதத்துக்கு வருகிறேன், எனக்கு இதுதான் அதிகக் கவலை தருவது. திரவம் உள்ள கெப்பாசிட்டர்களுக்கு ஒரு கணக்கு உண்டு: வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்காகும், 10 டிகிரி கூடினால் பாதியாகும். 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று குறிப்பிட்ட ஒன்றை 65 டிகிரியில் வைத்தால் 32,000 மணி நேரம், அதாவது இரவு பகலாக ஓடினாலும் மூன்றரை வருஷத்துக்கு மேல். அதையே 85-ல் வைத்தால் 8000 மணி நேரம், ஒரு வருஷம்கூட முழுசாக இல்லை. மேல்பக்கம் உப்பிய கெப்பாசிட்டரை எந்தப் பழைய போர்டிலாவது பார்த்திருப்பீர்கள்.

சாலிடர் உடைவது வேறு விதம். சூடானால் எல்லாப் பொருளும் விரியும், ஆனால் ஒரே அளவுக்கு விரியாது. சிலிக்கான் விரிவதைப்போல ஐந்தாறு மடங்கு அதன் கீழே உள்ள போர்டு விரியும். நடுவில் மாட்டிக்கொண்டு இழுபடுவது சாலிடர் உருண்டைகள். ஒரே சூட்டில் நிற்பதைவிட, தினமும் ஏறி இறங்கி ஏறி இறங்கி வருவது அவற்றை அதிகம் களைக்க வைக்கும், ஒரு கம்பியை முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் ஒருநாள் பட்டென்று முறியுமே அப்படி. 2007-ல் எக்ஸ்பாக்ஸ் 360 வீடியோ கேம் கருவிகள் சிவப்பு விளக்கு காட்டிச் செத்துக்கொண்டிருந்தபோது மைக்ரோசாஃப்ட் வாரண்டியை மூன்று வருஷமாக நீட்டி, அதற்கென்று 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. சூடு ஏறி இறங்கியதில் சிப்பின் இணைப்புகள் விட்டுப்போனதுதான் அதன் வேர். செத்த போர்டை அடுப்பு மாதிரி எதிலாவது வைத்துச் சூடாக்கினால் உயிர் வரும் என்று சிலர் சொல்வார்கள். வரும், சில வாரங்களுக்கு. தயவுசெய்து சமையலுக்குப் பயன்படுத்தும் எதிலும் அதைச் செய்யாதீர்கள், அந்தப் புகை நல்லதல்ல.

மெமரியிலும் ஒரு விஷயம் உண்டு. ராம் (RAM) மெமரியில் ஒவ்வொரு பிட்டும் ஒரு துளி மின்னூட்டம்தான், அது கசிந்துகொண்டே இருக்கும், மறையும் முன் திரும்ப எழுத வேண்டும். வழக்கமாக 64 மில்லிவிநாடிக்கு ஒருமுறை. 85 டிகிரியைத் தாண்டினால் கசிவு கூடிவிடுவதால் 32 மில்லிவிநாடிக்கு ஒருமுறை எழுத வேண்டும் என்பது விதி. என்விஎம்இ வகை எஸ்எஸ்டிகளும் (ஃபைல்களைச் சேமிக்கும் வேகமான சிப் டிஸ்க்குகள்) சூடானால் பிராசஸர் மாதிரியே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பெரிய ஃபைலைக் காப்பி செய்யும்போது பாதியில் வேகம் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய ஹார்டு டிஸ்க்கைப் பற்றி அவ்வளவு பயப்பட வேண்டாம், 2007-ல் கூகுள் தன்னிடம் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்தபோது, மிக அதிகச் சூட்டையும் வயதான டிஸ்க்குகளையும் விட்டால், சூட்டுக்கும் பழுதுக்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பு தெரியவில்லை.

பேட்டரிதான் இருப்பதிலேயே ஆபத்தானது. லித்தியம் பேட்டரிக்கு மிக மோசமான நிலைமை, முழுக்கச் சார்ஜ் ஏறிய நிலையில் சூட்டிலேயே கிடப்பது. எப்போதும் சார்ஜரில் செருகி வைத்துக் கடுமையான வேலை செய்யும் லேப்டாப்பில் தினமும் நடப்பது இதுதான். உள்ளே வாயு உண்டாகி உப்ப ஆரம்பிக்கும். டச்பேட் முன்போல அழுந்தவில்லை, மேசையில் வைத்தால் லேப்டாப் லேசாக ஆடுகிறது, மூடியை மூடினால் ஓரத்தில் இடைவெளி தெரிகிறது, இதில் ஒன்றைப் பார்த்தாலும் அன்றைக்கே சார்ஜரை எடுத்துவிட்டு, பேட்டரியைத் தெரிந்தவரிடம் கொடுத்துக் கழற்றுங்கள். நீங்களே அழுத்திப் பார்ப்பதோ குத்திப் பார்ப்பதோ கூடவே கூடாது. கேட்டவர் வெடிக்குமா என்று கேட்கவில்லை, ஆனால் பயப்பட வேண்டிய இடம் இது ஒன்றுதான் என்பதால் சொல்கிறேன். செட்டிங்கில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவையுங்கள்.

அறையின் சூடும் கணக்கில் சேரும். அறை 10 டிகிரி கூடினால் பிராசஸரும் ஏறக்குறைய அதே 10 டிகிரி கூடும், தப்பிக்க வழியில்லை. 2022 ஜூலை 19 அன்று லண்டனில் வெயில் 40 டிகிரியைத் தொட்டபோது கூகுள், ஆரக்கிள் இரண்டின் டேட்டா சென்டர்களிலும் குளிரூட்டல் தடுமாறி, சேவைகளின் ஒரு பகுதியை அணைக்க வேண்டியதாயிற்று. ஃபிரிட்ஜுக்குள் வைப்பது, ஐஸ் வைப்பது எல்லாம் வேண்டாம், குளிர்ந்த உலோகத்தில் நீர் படிந்துவிடும், அது சூட்டைவிட மோசம். மெத்தை, தலையணை மேல் வைக்காதீர்கள், கீழே காற்று போகும் துளைகள் மூடிக்கொள்ளும். விண்டோஸின் பவர் செட்டிங்கில் பிராசஸரின் உச்ச அளவை 100-லிருந்து 99 சதவீதமாக்கினால் பெரும்பாலான லேப்டாப்களில் டர்போ (தேவைப்படும்போது வழக்கத்தைவிட வேகமாக ஓடும் வசதி) நின்றுவிடும், சூடு சட்டென்று குறையும். சுத்தம் செய்யும் வரைக்கும் இது நல்ல தற்காலிக வழி.

உங்களுடையது தூசியா பேஸ்ட்டா என்று திறக்காமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம். வெப்பநிலையைத் திரையில் வைத்துக்கொண்டு ஒரு கனமான வேலையைத் தொடங்குங்கள். தொடங்கிய இரண்டு மூன்று விநாடியிலேயே 95-க்கு எகிறினால் சூடு செம்புக்கே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம், பேஸ்ட் காய்ந்திருக்கும் அல்லது ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். பத்து இருபது நிமிடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிப் போய் எல்லையைத் தொட்டால் செம்பு வரை வந்த சூடு வெளியே போகவில்லை, காற்றுப் பாதை அடைத்திருக்கிறது. நீங்கள் அரை மணி நேரம் கழித்து மெதுவாகிறது என்கிறீர்கள், அதனால் ஃபேனைத் தூக்கி அந்த இடைவெளியை முதலில் பாருங்கள்.