வாசகர் கேள்வி - பதில்: இரட்டை மோட்டார் படகுக்கு எந்த பேட்டரி?

கேள்வி: 80 செ.மீ. நீளமுள்ள ரிமோட் படகு ஒன்றை நானே கட்டியிருக்கிறேன். 550 அளவுள்ள இரண்டு பிரஷ் மோட்டார்களும் ஒரே இ.எஸ்.சி.யில் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுச் சாதனம்) இணைந்துள்ளன. 7.2 வோல்ட், 3000 எம்.ஏ.ஹெச். (அதாவது 3 ஆம்பியர் மணி) கொள்ளளவுள்ள நிக்கல் பேட்டரியைப் போட்டால் ஆறேழு நிமிடங்களில் படகு தளர்ந்துவிடுகிறது. அதே போன்ற இன்னொன்றைத் தொடரிணைப்பில் சேர்த்தால் வேகமும் நேரமும் கூடும் என்கிறார் நண்பர். அது சரியா? மோட்டாருக்கு ஒன்றாகத் தனித்தனி பேட்டரி கொடுக்கலாமா? லிப்போவுக்கு (லித்தியம் பாலிமர் பேட்டரி) மாறலாமா?

பதில்: நண்பர் சொன்னதில் வேகம் கூடும் என்பது மட்டுமே உண்மை, நேரம் கூடாது, குறையும். தொடரிணைப்பில் வோல்ட் இரட்டித்து 14.4 ஆகுமே தவிர, கொள்ளளவு அதே 3000 எம்.ஏ.ஹெச்.தான். புரொப்பெல்லரை இரு மடங்கு வேகத்தில் சுழற்ற ஏறத்தாழ நான்கு மடங்கு திருகுவிசை வேண்டும் என்பதால், மோட்டார் இழுக்கும் மின்னோட்டமும் அதே அளவுக்கு ஏறும். இப்போது இரண்டு மோட்டார்களும் சேர்ந்து 24 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், கணக்குப்படி அது 96 ஆம்பியரை நெருங்கும். நடைமுறையில் பேட்டரி அவ்வளவு கொடுக்காமல் துவண்டுவிடும் என்றாலும், மோட்டாரின் பிரஷ்களோ இ.எஸ்.சி.யோ கருகுவதற்கு அதில் பாதியே போதும்.

ஆகவே பேட்டரி வாங்குவதற்கு முன் மின்னோட்டத்தை அளந்துவிடுங்கள். நேர்மின்னோட்டத்தை அளக்கக்கூடிய கிளாம்ப் மீட்டரைப் பேட்டரியின் சிவப்பு வயரில் மாட்டி, தண்ணீர்த் தொட்டியில் படகைக் கையால் பிடித்துக்கொண்டு சில நொடிகள் முழு வேகம் கொடுங்கள். ஓடும் படகைவிடப் பிடித்து நிறுத்திய படகு கூடுதலாகவே இழுக்கும் என்பதால், இந்த அளவை வைத்துப் போடும் கணக்கில் ஏமாற்றம் இருக்காது. உங்களுடையது 24 ஆம்பியர் என்றே கொண்டால், 3 ஆம்பியர் மணி பேட்டரி ஏழரை நிமிடம்தான் தாங்கும். உங்கள் அனுபவமும் ஏறத்தாழ அதைத்தான் சொல்கிறது.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது 7.4 வோல்ட், 5000 எம்.ஏ.ஹெச். அளவுள்ள இரண்டு லிப்போ பேட்டரிகளைப் பக்க இணைப்பில் சேர்ப்பதைத்தான். வோல்ட் பழையபடியே இருக்க, கொள்ளளவு 10 ஆம்பியர் மணியாகிவிடும். அதில் 80 சதவீதத்தை மட்டும் பயன்படுத்தினாலும் சுமார் இருபது நிமிடம் ஓட்டலாம். 24 ஆம்பியர் என்பது இந்தக் கொள்ளளவுக்கு 2.4 'சி' (ஆம்பியர் மணி எண்ணைப்போல் 2.4 மடங்கு மின்னோட்டம்) மட்டுமே என்பதால், உறையில் 50 'சி', 100 'சி' என்று அச்சிட்டு விற்பவற்றுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் தடித்த சிலிக்கான் வயரும் 60 ஆம்பியர் தாங்கும் எக்ஸ்.டி.60 பிளக்கும் வாங்குங்கள். பழைய நிக்கல் பேட்டரிகளோடு வரும் வெள்ளை பிளாஸ்டிக் பிளக் இந்த மின்னோட்டத்தில் இளகி, பிறகு கழற்ற முடியாமல் ஒட்டிக்கொள்ளும். முழுதாகச் சார்ஜ் ஏறிய லிப்போ 8.4 வோல்ட் காட்டும் என்பதால், முதல் சில நிமிடங்களில் மின்னோட்டம் 30 ஆம்பியரைத் தாண்டலாம், உங்கள் இ.எஸ்.சி. அதைத் தாங்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். புரொப்பெல்லரில் பாசி சுற்றினால் மோட்டார் நின்றபடியே பல மடங்கு இழுக்கும். எனவே ஒவ்வொரு மோட்டாருக்கும் காரில் போடும் 20 ஆம்பியர் தட்டை ஃபியூஸ் ஒன்று இருக்கட்டும்.

பக்க இணைப்பில் ஒரு கண்டிப்பு உண்டு. இரண்டும் ஒரே வகை, ஒரே கொள்ளளவு, ஒரே வயதுடையவையாக இருப்பதோடு, சேர்க்கும் நேரத்தில் இரண்டின் வோல்ட்டும் சமமாக இருக்க வேண்டும். 8.4 வோல்ட்டில் நிறைந்த ஒன்றையும் 7.6 வோல்ட்டில் பாதி தீர்ந்த ஒன்றையும் இணைத்தால், இடையிலுள்ள மின்தடை 0.02 ஓம் மட்டுமே என்னும்போது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு 40 ஆம்பியர் பாயும். மோட்டாரை இயக்காமலேயே வயர் சூடேறுவதை விரலால் உணரலாம்.

மோட்டாருக்கு ஒன்றாகத் தனித்தனியே கொடுப்பதை நான் விரும்புவதில்லை. ஒருமுறை அப்படிச் செய்து பட்டிருக்கிறேன். இடப்பக்க பேட்டரி சற்றுப் பழையது என்பதால் முதலில் அது தீர்ந்து, குளத்தின் நடுவே வலப்பக்க மோட்டார் மட்டும் ஓட, படகு ஒரே இடத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. பிறகு காற்று அதைக் கரைக்குத் தள்ளும்வரை காத்திருந்தேன்.

7.4 வோல்ட் லிப்போ ஒன்றில் இரண்டு செல்கள் உண்டு; ஒரு செல்லுக்கு 3.3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கக் கூடாது. பழைய பிரஷ் இ.எஸ்.சி.கள் பலவற்றில் இதைத் தடுக்கும் வசதி இல்லை. அதற்கென விற்கும் எச்சரிக்கை பஸ்ஸர் மூடிய படகுக்குள்ளிருந்து கத்தினால் கரையில் கேட்காது. ரிமோட்டில் 15 நிமிட டைமர் வைப்பதே மேல். சார்ஜ் செய்யும்போது இரண்டையும் பிரித்து, செல்களைச் சமமாக நிரப்பும் பேலன்ஸ் சார்ஜரில் 5 ஆம்பியருக்கு மிகாமல் ஏற்றுங்கள். சில நாட்கள் ஓட்டப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள்.

கேள்வி: என்னுடையது மெதுவாக ஓடும் இழுவைப் படகின் மாதிரி. 12 வோல்ட் மோட்டார்கள் இரண்டும் சேர்ந்து 4 ஆம்பியர் இழுக்கின்றன. இதற்கும் லிப்போ வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. இவ்வகைப் படகு நீர்க்கோடு வரை அமிழ எப்படியும் அடியில் எடை வைக்க வேண்டும். 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி மூடிய லெட் ஆசிட் பேட்டரி இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ளது; ஈயக் கட்டிகளின் வேலையையும் அதுவே செய்துவிடும். ஆனால் அந்த 7 என்பது இருபது மணி நேரத்தில் சிறுகச் சிறுக எடுத்தால் கிடைக்கும் கொள்ளளவு; பாதியைக் கணக்கில் வைத்து 50 நிமிடத்தில் கரையேற்றி, அன்று மாலையே சார்ஜில் போடுங்கள்.

கேள்வி: என் படகில் இரண்டு பிரஷ்லெஸ் மோட்டார்கள், இரண்டு இ.எஸ்.சி., இரண்டு பேட்டரிகள் இருக்கின்றன. ரிசீவருக்கு இரண்டு பக்கமும் 5 வோல்ட் வருவது சரியா?

பதில்: ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும். ஒரு இ.எஸ்.சி.யின் ரிசீவர் பிளக்கிலிருந்து, அந்த 5 வோல்ட்டைக் கொண்டுவரும் சிவப்பு வயரை மட்டும் உருவி, டேப் சுற்றிவிடுங்கள். கறுப்பு வயர் இரண்டிலும் இருக்க வேண்டும். அந்தக் கறுப்பு வயர்கள் வழியே இரு பேட்டரிகளின் எதிர்முனைகளும் ஏற்கெனவே இணைந்திருப்பதால், பின்னாளில் இவற்றைத் தொடரிணைப்பில் சேர்க்க முயன்றால், ஒரு பேட்டரியின் முழு மின்னோட்டமும் ரிசீவரின் மெல்லிய வயர்களில் பாய்ந்துவிடும்.