ஏற்காட்டில் மழை, எங்கள் தெருவில் தண்ணீர்
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: அன்று எங்கள் பக்கம் வெறும் தூறல்தான். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். எங்கிருந்துதான் வந்தது? – ஒரு வாசகி, கிச்சிப்பாளையம்

உங்கள் தலைக்கு மேல் பெய்ததைப் பார்க்காதீர்கள் அம்மா, வடக்கே மலையைப் பாருங்கள். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலை உச்சி 1,600 மீட்டருக்கு மேல், நம் சேலம் 300 மீட்டர்கூட இல்லை. அந்தச் சரிவில் விழுகிற மழை ஓடை ஓடையாக இறங்கித் திருமணிமுத்தாற்றில் சேர்ந்து ஊருக்கு நடுவே வருவதற்குள் சில மணி நேரம் ஆகிவிடும், அதற்குள் மேலே மழையே விட்டிருக்கும், நீங்களும் துணியை மறுபடி கொடியில் போட்டிருப்பீர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஏற்காட்டில் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டியபோது ஊருக்குள் நடந்ததும் இதுதான்.

நீங்கள் எழுதாத ஒரு விஷயம்தான் எனக்கு முக்கியம். தண்ணீர் தெருமுனையிலிருந்து ஓடி வந்ததா, இல்லை வாசல் சாக்கடையிலிருந்தே மேலே கொப்பளித்ததா? கொப்பளித்தது என்றால் ஆற்றின் மட்டம் உங்கள் வடிகால் வாயைவிட மேலே ஏறிவிட்டது, தண்ணீர் பின்னோக்கி வருகிறது. அதற்கு வடிகாலை அகலப்படுத்திப் பிரயோஜனம் இல்லை, ஆற்றுத் தண்ணீர் வர இன்னும் பெரிய வழி திறந்ததுதான் மிச்சம். வடிகால் ஆற்றில் விழும் இடத்தில் ஒரு பக்கம் மட்டும் திறக்கும் இரும்பு மடல் கதவு வேண்டும். அதில் ஒரு வாழைமட்டை சிக்கினாலும் கதவு மூடாது, அதனால் மழைக்காலத்தில் ஆள் போய்ப் பார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: போன வருஷம்தான் புதிதாக மழைநீர் வடிகால் கட்டினார்கள். தண்ணீர் ரோட்டில் நிற்கிறது, வடிகால் காய்ந்து கிடக்கிறது! – ஒரு வாசகர், அம்மாப்பேட்டை

சிரிக்கக் கூடாதுதான், ஆனால் இதே கேள்வி மூன்றாவது கடிதம். வடிகால் சுவர் ரோட்டைவிட உயரம், தண்ணீர் உள்ளே இறங்கும் ஓட்டை எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்று போய் எண்ணுங்கள். எங்கள் தெருவில் ஒன்று பால் பூத்தின் படிக்கட்டுக்கு அடியில் இருந்தது, இன்னொன்றில் யாரோ சிமெண்டே பூசியிருந்தார்கள். அப்புறம் வாட்டம். கொத்தனார் தண்ணீர் விட்டு மட்டம் பார்க்கிற டியூபை வாங்கி இரண்டு பேர் பிடித்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும், நடுவில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று. மண்ணையும் பாருங்கள்: 2 அடி அகலம், 3 அடி ஆழமுள்ள வடிகாலில் 1 அடிக்கு மண் படிந்தால் ஆழம்தான் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, ஆனால் போகிற தண்ணீர் கிட்டத்தட்ட 40 சதவீதம் குறையும். கடைசியாக, தெருமுனைச் சிறுபாலத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். குறுக்கே ஒரு தண்ணீர்க் குழாயோ கேபிளோ போனால் அதில்தான் எல்லாக் கவரும் மாட்டியிருக்கும்.

கேள்வி: ஏரிகள் நிரம்பிவிட்டால் வெள்ளம் வராது என்கிறார்களே? – ஒரு வாசகர், கன்னங்குறிச்சி

தலைகீழாகச் சொல்கிறார்கள். உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். மலையடிவாரத் தண்ணீர் புது ஏரிக்கு வரும், அது நிரம்பினால் உபரி மூக்கனேரிக்குப் போகும். மூக்கனேரி சுமார் 58 ஏக்கர். அதில் ஒரே ஒரு அடி காலியாக இருந்தால் ஏறக்குறைய 7 கோடி லிட்டர் பிடிக்கும், 12,000 லிட்டர் லாரியில் கணக்குப் போட்டால் 6,000 லோடு! வெள்ளத்துக்கு உதவுவது அந்தக் காலி இடம்தான். நிரம்பி வழிகிற ஏரியும் வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். 2010-ல் ஊர்க்காரர்கள் சேர்ந்து அங்கே தூர்வாரி, எடுத்த மண்ணை உள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் வைத்தார்கள், பறவைகளும் வந்தன. நல்ல வேலை. ஆனால் உபரி போகும் வாய்க்காலில் வீடு கட்டியிருந்தால் ஏரியை எத்தனை முறை தூர்வாரினாலும் அந்த வீட்டுக்குள்தான் தண்ணீர் போகும்.

கேள்வி: மொட்டைமாடித் தண்ணீரைப் பாதாளச் சாக்கடையில் விடலாமா? பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறார்கள். – ஒரு வாசகி, கொண்டலாம்பட்டி

விடவே விடாதீர்கள். 1,000 சதுர அடி மாடியில் 5 செ.மீ. மழை பெய்தால் சுமார் 4,600 லிட்டர். பாத்ரூம் தண்ணீருக்குப் போட்ட குழாய் அதைத் தாங்காது, தெருவிலேயே தாழ்வாக இருக்கிற வீட்டுக் கழிவறை வழியாக வெளியே வரும். அந்த வீடு உங்களுடையதாகவும் இருக்கலாம். பழைய கிணறு இருந்தால் வடிகட்டி வைத்து அதில் விடுங்கள். நம் ஊர் பாறை பூமி, சின்னக் குழி தோண்டினால் மெதுவாகத்தான் இழுக்கும். அதனால் முதலில் ஒரு தொட்டி, அது வழிந்தால் குழி.

கேள்வி: வீட்டை ஜாக்கி வைத்து 3 அடி தூக்கலாமா? – ஒரு வாசகர், பள்ளப்பட்டி

தூக்கலாம், செலவு உங்களுடையது. ஆனால் அதற்கு முன் ரோடு போட வருகிறவர்களிடம் பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடச் சொல்லித் தெருவே சேர்ந்து நில்லுங்கள். இல்லையென்றால் தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்து, சில வருஷம் கழித்து மறுபடி ஜாக்கிக்காரரைத் தேட வேண்டியிருக்கும்.