தீபாவளிக்கு மட்டும் அவித்த இட்லி தினசரி உணவானது எப்படி?

பழக்கம் என்பது யோசிக்காமலே நாள்தோறும் செய்யும் காரியம். அது மாறுவதற்கு ரசனையைவிட உழைப்பே பெரும்பாலும் காரணம். தமிழகக் கிராமங்களில் பல வீடுகளுக்கு இட்லி ஒரு காலத்தில் தீபாவளிப் பலகாரம். அரிசி விலை ஒருபுறம். ஊறிய அரிசியையும் உளுந்தையும் ஆட்டுக்கல்லில் ஆட்டும் பாடு மறுபுறம். (அது பெண்களின் பாடு என்பதால் யாரும் கணக்கில் எழுதவில்லை!) 1955-இல் கோயம்புத்தூரில் கிரைண்டர் பிறந்தது. மெல்ல மெல்ல மின்சாரமும் குளிர்சாதனப் பெட்டியும் வீடுகளுக்கு வந்துசேர, ஒருமுறை அரைத்த மாவு நாலைந்து நாளுக்கு ஓடியது. வீட்டுக்குள் குழாய் வந்ததும் தண்ணீர்ப் புழக்கம் கூடுவதைப் போலத்தான், பாடு குறைந்ததும் இட்லி தினசரி உணவானது.

கிரைண்டர் சமையலறை வேலையையே குறைத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அரைக்கும் சிரமம் குறைந்தது உண்மை. ஆனால் வருடத்துக்குச் சில முறை அரைத்தவர்கள் வாரந்தோறும் அரைக்கத் தொடங்கினார்கள்.