முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் அன்பு காட்டியதை நேரில் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்கிறேன். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில்.

எனக்குக் களியக்காவிளைப் பக்கம். எங்கள் ஊரில் பெரிய நோய் என்றால் திருவனந்தபுரம்தான் முதலில் வாயில் வரும். அந்த மருத்துவக் கல்லூரி 1951இல் வந்தபோது எங்கள் விளவங்கோடு தாலுகா திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. 1956 நவம்பர் 1இல்தான் நாங்கள் இந்தப் பக்கம் சேர்ந்தோம். எல்லை மாறியும் நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓடும் வழி மாறவில்லை. செங்கோட்டை, தென்காசி ஆட்களும் மலை தாண்டி அங்கே வருவார்கள்.

சித்தப்பாவுக்குத் துணையாக நின்ற சமயம், மதியம் அங்கே இலவசமாகக் கொடுக்கிற பொதிச்சோறு, அதாவது இலையில் கட்டிய சோறு, வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் கடையநல்லூர்க்கார அக்கா ஒருவர். வீட்டுக்காரர் வார்டில் கிடக்கிறார். "காசு குடுக்காம எப்படித் தம்பி வாங்குறது?" என்று திரும்பித் திரும்பிக் கேட்டார். எல்லாரும் வாங்குவதைப் பார்த்துத்தான் கை நீட்டினார்.

வராந்தாவில் உட்கார்ந்து பிரித்தோம். வாட்டிய வாழையிலை வாசம், மட்டை அரிசிச் சோறு, பயறு தோரன், தேங்காய்ச் சம்மந்தி. அக்காவின் பொதியில் கூடவே ஒரு வறுத்த மீன் துண்டு. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அக்கா இலையை அப்படியே மூடிவிட்டுத் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தார். பக்கத்தில் ஒரு மலையாளிப் பெரியவர், அப்போதுதான் தன் பொதியைப் பிரித்திருந்தார், இன்னும் கை வைக்கவில்லை. அதில் மீன் இல்லை. எதுவும் கேட்காமல் தன் பொதியை அக்கா பக்கம் நகர்த்தி, அவருடையதை எடுத்துக்கொண்டார். "நீங்க சாப்பிடுங்க அண்ணாச்சி" என்று அக்கா பதறினார். "எனிக்கு மீன் இல்லாதெ சோறு இறங்ஙில்ல மோளே" என்றார் அவர். விட்டுக்கொடுத்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அந்த நாசூக்கை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு நிறைகிறது.

அந்தப் பொதி வந்த வழியையும் சொல்ல வேண்டும். மார்க்சிஸ்ட் கட்சியின் இளைஞர் அமைப்பான வாலிபர் சங்கத்துக்காரர்கள் (DYFI) 2017இல் அங்கே தொடங்கிய 'ஹிருதயபூர்வம்' என்ற சோறு வழங்கும் திட்டம் அது. ஒவ்வொரு நாள் ஒவ்வொரு ஊரின் முறை. முன்கூட்டியே வீடு வீடாகப் போய் எத்தனை பொதி தருவீர்கள் என்று கேட்டு வைப்பார்கள். தங்களுக்குச் சமைக்கும்போதே ஒன்றோ இரண்டோ கூடுதலாகக் கட்டி வைப்பார்கள் வீட்டில். காலையில் சேகரித்து வண்டியில் ஏற்றி மதியத்துக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். கட்சி அரசியல் பேசுகிறவர்கள் பேசட்டும், சோறு கட்டுகிற வீட்டில் எல்லாக் கட்சியும் உண்டு. எந்த வீட்டுச் சோறு யார் கைக்குப் போனது என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியாது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அதுதான். வாங்குகிறவர் யார் முன்னாலும் கூனிக்குறுக வேண்டாம். கொடுத்தவருக்கும் நன்றி கேட்டு நிற்க ஆள் கிடையாது.

அப்புறம் ஒரு நாள் பாறசாலையில் நண்பன் வீட்டில் பொதி கட்டுவதைப் பார்த்தேன். அவன் அம்மா மீனில் நடுத்துண்டை எடுத்துப் பொதியில் வைத்தார். வால் துண்டு மகனுக்கு. அவன் முகத்தைச் சுளித்ததும், "நீ நாளைக்கும் தின்னலாம்டே, ஆசுபத்திரியில நிக்கிறவங்களுக்கு இன்னைக்கு இதுதான்" என்றார்.

நம் பக்கத்திலிருந்து அங்கே போகிறவர்கள் கூச்சப்படாமல் வரிசையில் நில்லுங்கள். நான் நின்றபோது எந்த ஊர், என்ன பாஷை என்று யாரும் கேட்கவில்லை.